பெயர் போன கதை

வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, தங்கசாலைத் தெரு வந்து முடிகிற முனையில், பழைய கட்டிடம் ஒன்று இருக்கிறது. கும்பெனியார் காலத்தில் நாணயம் அடித்த சாலை அது. நாணயம் அடிப்பது நின்ற பிறகு அரசாங்க அச்சகம் அங்கே குடிபுகுந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குடித்தனம் நீடித்து வருகிறது. காசு அடித்த இடத்தில் வெறும் காகிதம் அடிக்கிறார்களே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அரசாங்க அச்சில் ஏறும் விஷயங்களுள் ஒன்று, காசைவிட அருமையான ஒரு சொத்தைப் பற்றியது. மனிதர்களுடைய பெயரைத்தான் சொல்லுகிறோம்.

தமிழ்நாடு அரசாங்கத்துக் கெஜட்டில் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவு என்று ஒன்று உண்டு. நேயர்களில் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். கெஜட் என்றாலே கொட்டாவி வரும் என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். "இன்ன தேதியில் இன்ன ஊரில் பிறந்து, இன்ன விலாசத்தில் வசிக்கும் இன்னாராகிய நான், இன்று முதல் இன்னார் என்று அழைக்கப்படுவேன்" என்ற ஒரே அச்சு வாக்கியம் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் ஒரு நாவல் ஒளிந்திருக்கிறது. மதம் மாறியவர், மணம் முறிந்தவர், பள்ளிக்கூட வாத்தியார் தவறாக எழுதிய எழுத்தோடு நாற்பது வருஷம் மல்லாடியவர், இங்கிலீஷ் எழுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டால் அதிர்ஷ்டம் கதவைத் தட்டும் என்று எண் சாஸ்திரியிடம் கேட்டு வந்தவர் என்று எத்தனையோ பேர். இவர்களுக்கு நடுவே, தாயோ தகப்பனோ கையெழுத்திட்ட அறிவிப்புகளும் வருகின்றன. "என்னுடைய மைனர் மகள் இன்னாள், இனிமேல் இன்னாள் என்று அழைக்கப்படுவாள்."

இந்தக் கடைசி ரகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் யோசிக்கத் தொடங்கினோம். பெயரை வைத்தவர்கள் பெற்றோர். மாற்றுகிறவர்களும் அவர்களே. இடையில் என்ன நடந்தது?

வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் எம்.ஸி. ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அவனுடைய தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குப்புசாமி. ராயபுரத்து ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரியில் பேரன் பிறக்கிறான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வீடு தலைகால் தெரியாமல் இருக்கும் சமயம். ஜோசியர் ஓர் எழுத்தைச் சொல்கிறார். அந்த எழுத்தில் தொடங்கி, தெருவில் வேறு யாருக்கும் இல்லாததாய், கேட்பதற்கு நவீனமாய் ஒரு பெயர் வேண்டும் என்று இளம் தம்பதிகள் தேடுகிறார்கள். கிடைத்துவிடுகிறது. தொட்டில் போடும் நாளில் அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை சொல்கிறாள். மூன்று முறையும் மூன்று விதமாகச் சொல்கிறாள். கிழவிக்கோ அது வாயிலேயே நுழையவில்லை. அவள் "ராசா" என்கிறாள். பிறகு எல்லோருமே "ராசா" என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த தெருவில் இதே பெயரோடு இன்னும் இரண்டு குழந்தைகள் இருப்பது தெரியவருகிறது. தாய்க்கு இரவில் தூக்கம் வருவதில்லை. "ஏங்க, அவசரப்பட்டுட்டோமோ?" என்று கேட்கிறாள். கணவனுக்கும் அதே எண்ணந்தான். ஆனால் அதைச் சொன்னால் நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு வைத்த பெயராயிற்றே என்று தகப்பனார் கோபிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இதைப் படித்தவுடன் சொந்தத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளாத நேயர் மிகச் சிலராகவே இருப்பர் என்று எண்ணுகிறோம்.

முற்காலத்தில் இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு வைத்தார்கள். பேரன், பேர்த்தி என்ற சொற்களே அந்த வழக்கத்திலிருந்து பிறந்தவை. தேடவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கு அதே பெயர். ஆகவே தாயார் தன் பிள்ளையை ஐயா என்றும் துரை என்றும் கூப்பிட்டு வளர்த்தாள். வைத்த பெயர் ஒன்று, அழைத்த பெயர் ஒன்று என்ற இரட்டை வாழ்க்கைக்குத் தமிழ்க் குழந்தைகள் தொட்டிலிலேயே பழகிவிட்டார்கள்.

பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில் வேறொரு வழக்கம். அடுத்து வந்த சிசுவைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். பிறரிடம் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கிப் பிச்சை, பிச்சையம்மாள் என்றார்கள். எமன் இழிந்த பெயரைக் கண்டு இது நமக்கு வேண்டாம் என்று போய்விடுவானாம். நம்முடைய கற்பனைத் தாத்தா குப்புசாமியின் தாயார் எத்தனை கண்ணீர் விட்ட பிறகு அந்தப் பெயரை வைத்திருப்பாள் என்று, அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நோயாளிக் குழந்தைக்குப் பெயரை மாற்றுவது நம்மோடு நின்ற நம்பிக்கையும் அல்ல. கடல் கடந்த ஜாவாவில், 1901-ஆம் ஆண்டில், பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பிறந்த பிள்ளைக்குக் குஸ்னோ என்று பெயரிட்டார்கள். பிள்ளை ஓயாமல் படுக்கையில் விழுந்தான். பெயர் பொருந்தவில்லை என்று தகப்பனார் தீர்மானித்தார். அவர் மகாபாரதத்தில் மோகம் கொண்டவர். கர்ணனைப் போல வீரனாக வேண்டுமென்று அவன் பெயரை எடுத்து, முன்னால் நல்லதைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்து மகனுக்குச் சூட்டினார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் டச்சுக்காரர்களை எதிர்த்து நின்று இந்தோனேஷியாவின் முதல் ஜனாதிபதியான சுகர்ணோ. பெயர் மாற்றியதனால்தான் பிழைத்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தகப்பனார் வெட்கப்படாமல் மாற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே வருவோம். 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றவர் ப. ஜீவானந்தம். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907-இல் அவர் பிறந்தபோது பெற்றோர் வைத்தது குலதெய்வத்தின் பெயர்: சொரிமுத்து. பிறகு ஜீவானந்தம் என்றாயிற்று. தனித்தமிழ் ஆர்வம் பற்றிக்கொண்ட வாலிபத்தில் அவர் அதையும் பெயர்த்து உயிரின்பன் என்று வைத்துக்கொண்டார். அந்த இயக்கத்தின் தலைவரான மறைமலையடிகளைத் தரிசிக்கப் பல்லாவரத்துக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து "யாரது, போஸ்ட்மேனா?" என்று அடிகளின் குரல் கேட்டதாகவும், உயிரின்பன் அன்றே மனம் மாறி மறுபடியும் ஜீவானந்தம் ஆகிவிட்டதாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எப்படியிருந்தாலும் ஜீவா என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று மின்சார ரயிலில் போகிறவர்கள் வியாசர்பாடி ஜீவா என்ற ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். சொரிமுத்து என்ற ஸ்டேஷனை யாரும் தேடுவதில்லை.

மறைமலையடிகளோ தம் பெயரை மாத்திரம் மாற்றியவர் அல்லர். வேதாசலமாக இருந்தவர் 1916-இல் மறைமலை ஆனதும், பெற்ற மக்களையும் விடவில்லை. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு என்றும், திரிபுரசுந்தரி முந்நகரழகி என்றும் ஆனார்கள். கொள்கைக்காக இவ்வளவு தூரம் போன தகப்பனாரை நாம் மதிக்கிறோம். ஆனாலும் "மாணிக்கவாசகம்!" என்று அழைத்தால் திரும்பிப் பார்த்துப் பழகிய ஒரு பிள்ளை, ஒருநாள் காலையில் எழுந்ததும் "மணிமொழி!" என்ற குரலுக்குத் திரும்ப வேண்டியிருந்திருக்கும். அந்தப் பிள்ளையின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு சிசுவின் பெயர் நாலே நாளில் மாறிய கதையும் உண்டு. 1953 மார்ச் முதல் தேதி மு. கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெரியாரை அழைக்கும் அய்யா என்ற சொல்லையும், அண்ணாதுரையின் பெயரிலிருந்து துரை என்பதையும் கூட்டி அய்யாதுரை என்று வைப்பதாக யோசனை. மார்ச் 5-ஆம் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் தகப்பனார் மகனுக்கு அந்தப் பெயரையே அறிவித்துவிட்டார். பின்னர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் பெயரை மாற்றினால்தான் ஆயிற்று என்றார்களாம். "பெயரை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் பள்ளியை மாற்றுகிறேன்" என்று தகப்பனார் திரும்பிவிட்டதாக, 2021-இல் முதலமைச்சரான அந்த மகனே சொல்லியிருக்கிறார். முதலில் நினைத்த பெயரை விடுவதற்கு அரை நிமிஷம். வைத்த பெயரைக் காப்பதற்கு ஒரு பிடிவாதம். இரண்டும் ஒரே தகப்பனாரிடம் இருந்திருக்கின்றன. பெயரைத் தொட்டிலிலேயே மாற்றுவது வேறு, பள்ளிக்கூட வாசலில் பிறர் சொல்லுக்காக மாற்றுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இது நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியல்வாதிகளுக்கும் அடிகளுக்கும் எப்படியோ, எம்.ஸி. ரோட்டுக் கணக்கருக்கு அதுதானே முக்கியம்?

நம் தேசத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பிறப்பைப் பதியும்போதே பெயரையும் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! இதை நாம் ஆச்சரியக்குறி போட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியிலேயே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுவிடுவார்கள், சொல்லாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது என்று நம்பி, அவசர அவசரமாக ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும், தாமதக் கட்டணம் செலுத்தி, 15 ஆண்டுகள் வரையில் சேர்க்க முடியும். பழைய பதிவுகளில் பெயரில்லாமலே நின்றுபோனவர்களுக்காகத் தமிழ்நாட்டில் கெடுவை மேலும் நீட்டியும் கொடுத்தார்கள். அப்படி நீட்டியவற்றுள் ஒன்று 2024 டிசம்பர் 31 வரை.

ஆக, யோசிப்பதற்குச் சட்டம் ஒரு முழு வருஷத்தை இனாமாகக் கொடுத்திருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் சண்டை போட்டு ஓய்வதற்கு அது போதும். குழந்தையின் முகத்தைப் பார்த்து இவன் எந்தப் பெயருக்கு உரியவன் என்று தெரிந்துகொள்ளவும் போதும்.

கஷ்டம் எங்கே வருகிறதென்றால், பெயரை ஒருமுறை எழுதிவிட்ட பிறகு! எழுதாத பெயரை எழுத ஒரு வருஷம் தந்த சட்டம், எழுதிய பெயரை மாற்ற ஒரு நாள்கூடத் தரவில்லை. 15-ஆவது பிரிவு திருத்தத்துக்கு வழி சொல்கிறது என்பது உண்மை. ஆனால் பதிவில் பிழை இருந்தால்தான் அந்த வழி. பழைய எழுத்தை அழிக்காமல், ஓரத்தில் குறிப்பெழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று முறையும் வகுத்திருக்கிறது. சுப்பிரமணியன் என்பதைச் சுப்பிரமணிய் என்று குமாஸ்தா எழுதியிருந்தால் அது பிழை. தாயும் தகப்பனும் மனம் மாறினால் அது பிழையாகுமா? ஆகாது என்கிறார்கள் ரிஜிஸ்திரார்கள். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இந்தக் கேள்வி நியாயஸ்தலம் வரை போய்விட்டது. உடுப்பிப் பக்கத்துப் பெற்றோர் தங்கள் மகனுக்கு ஒரு பெயரை வைத்துப் பதிந்துவிட்டு, அது ஜாதகத்துக்குப் பொருந்தவில்லை என்று பின்னர் வருந்தினார்கள். ரிஜிஸ்திரார் மாற்ற மறுத்தார். கர்நாடக ஹைகோர்ட் 2025 பிப்ரவரியில் இவ்வழக்கைத் தீர்த்தது. பதிந்த பெயரை மாற்றுவதற்குச் சட்டத்திலோ விதிகளிலோ இடமில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டத்தில் இடமில்லை என்பதற்காகக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்துவதா என்று கேட்டது போலத் தீர்ப்பு அமைந்தது. சட்டம் திருத்தப்படும் வரையில், பெற்றோர் உறுதிமொழியோடு வந்து கேட்டால் புதுப் பெயரைச் சேர்த்து, மாற்றம் நடந்த விவரத்தையும் பதிவிலேயே குறிக்க வேண்டும், பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டுமே பதிவில் தெரிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த மாநிலத்துச் சட்டக் கமிஷன் இந்தத் திருத்தத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிபாரிசு செய்திருந்ததையும் கோர்ட் எடுத்துக் காட்டியது.

ஜாதகக் காரணம் நமக்கு உவப்பானதல்ல. ஆனாலும் தீர்ப்பு நமக்கு உவப்பானது. காரணத்தைப் பெற்றோரிடமே விட்டுவிட்டு, மோசடி நடக்காமல் மாத்திரம் பார்த்துக்கொள்வதுதான் சர்க்காரின் வேலை. இரண்டு பெயரும் பதிவில் நிற்குமானால், பழைய பெயரில் கடன் வாங்கிவிட்டுப் புதுப் பெயரில் ஒளிந்துகொள்ள யாராலும் முடியாது. அதிலும் மூன்று வயதுப் பிள்ளை வாங்கிய கடன் என்ன இருக்கப் போகிறது!

கேரளத்தில் 2023-இல் நடந்தது இதற்கு நேர் எதிரான வழக்கு. அங்கே பெயர் மாறவில்லை, பெயரே இல்லை. பிரிந்து வாழ்ந்த தாய்க்கும் தந்தைக்கும் பெயரில் ஒற்றுமை ஏற்படவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். இருவரும் வந்து சொல்ல வேண்டும் என்றார் ரிஜிஸ்திரார். பெயரில்லாத சான்றிதழை ஏற்க மாட்டோம் என்றது பள்ளிக்கூடம். கடைசியில் கேரள ஹைகோர்ட், திக்கற்ற குழந்தைக்கு ராஜ்யமே தாய் தந்தை என்ற பழைய தர்மத்தைக் கையில் எடுத்து, தாய் விரும்பிய பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்துத் தானே பெயர் சூட்டியது. கறுப்பு அங்கி அணிந்த அத்தையை நாம் இப்பொழுதுதான் கேள்விப்படுகிறோம்.

இங்கிலாந்தில் எப்படி? அங்கே 1953-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குழந்தையின் பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் முதற்பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ செய்யலாம். அதற்கென்று ஒரு படிவம். மாதா கோயிலில் ஞானஸ்நானம் செய்து மாற்றியிருந்தால் பாதிரியார் கையெழுத்து. இல்லாவிட்டால் பெற்றோர் கையெழுத்து. அவ்வளவுதான். கோர்ட்டும் இல்லை, கெஜட்டும் இல்லை. வருந்துவதற்கு மனிதனுக்கு ஒரு வருஷமாவது வேண்டும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரர்களிடமிருந்து நாம் எத்தனையோ வேண்டாத சட்டங்களை வாங்கி வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறோம். வாங்கியிருக்க வேண்டிய இந்த ஒன்றை ஏனோ விட்டுவிட்டோம்.

அரசாங்கத்துக்கு வருத்தம் என்றால் என்னவென்று தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. ராயபுரத்துக்கு வடக்கே தொண்டியிலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபை ஜனங்கள் தொண்டியார் என்றார்கள். அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டையாகி, வாய்க்கு வாய் மாறித் தண்டையார்பேட்டையாயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கவர்னர் காலெட் துரை பெயரால் ஏற்பட்ட காலெட்பேட்டை, திருவொற்றியூர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆகி, கடவுளின் காலடியோ என்று கேட்கும்படி கௌரவமும் அடைந்தது. இப்படி வாய்மொழியாகவே மாறி வந்த பெயர்களுக்கு இங்கிலீஷிலும் தமிழ் உச்சரிப்பு வர வேண்டுமென்று, 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப் பெயர்களின் எழுத்தை மாற்றித் தமிழ்நாடு அரசாங்கம் உத்தரவை வெளியிட்டது. வேலூரை வீலூர் என்று படிக்கும்படியாக ஆயிற்றே என்று ஊரெல்லாம் கூச்சல். சில நாட்களுக்குள், அதே மாதத்தில், உத்தரவு வாபஸ்! நாம் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தவறு தெரிந்தவுடன் திரும்ப எடுத்துக்கொண்டது புத்திசாலித்தனமான காரியம். ஆயிரத்துப் பதினெட்டுப் பெயர்களைச் சில நாட்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் சர்க்காருக்கு உண்டு. ஒரே ஒரு பெயரை ஒரு வருஷத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் வண்ணாரப்பேட்டைத் தாய்க்குக் கூடாதா?

முன்பெல்லாம் இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் சொல்லிய பெயரே பெயராக இருந்தது. வீட்டில் மனம் மாறினால் அங்கே சரிசெய்துகொள்வார்கள். பிறப்புச் சான்றிதழ் பெட்டியின் அடியில் கிடக்கும். அந்தக் காலம் போய்விட்டது. 1969-ஆம் வருஷச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், மோட்டார் ஓட்டும் லைசென்ஸ், பாஸ்போர்ட், சர்க்கார் உத்தியோகம், திருமணப் பதிவு, ஆதார் முதலிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அரைத் தூக்கத்தில் சொன்ன பெயர் கல்யாணப் பத்திரம் வரைக்கும் கூடவே வரும். வீட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வளரும் பிள்ளைகள், எந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாலும் நீ நீதானா என்ற கேள்விக்கு வாழ்நாளெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கெஜட் அறிவிப்பு உண்டே என்று சிலர் சொல்லலாம். உண்டுதான். ஆனால் பணம் கட்டி, படிவம் எழுதி, அத்தாட்சி வாங்கி அறிவிப்பு வெளியான பின்னரும், பிறப்புப் பதிவில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. இரண்டு காகிதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஆகையால் நம்முடைய அபிப்பிராயம் இது. பிறப்பைப் பதிந்த ஒரு வருஷத்துக்குள், பெற்றோர் இருவரும் சேர்ந்து கேட்டால், ஒரு முறை, ஒரே முறை, பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்க வேண்டும். பழைய பெயர் ஓரத்தில் நிற்கட்டும். ராயபுரம் மண்டல ஆபீஸிலோ தண்டையார்பேட்டை மண்டல ஆபீஸிலோ போய் அரை மணியில் முடிக்கும் காரியமாக அது இருக்க வேண்டும். அதுவரையில், பிரசவ ஆஸ்பத்திரிகளில் குழந்தையின் பிறப்பைக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா, "பெயரைப் பிறகும் சொல்லலாம் அம்மா, ஒரு வருஷம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதித் தொல்லை தீரும். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எண் சாஸ்திரத்துக்காகச் சான்றிதழில் இங்கிலீஷ் 'ஏ' எழுத்தை இரண்டாக்குவதும் 'எச்' எழுத்தைச் சொருகுவதும் பெயர் மாற்றமே அல்ல. தமிழில் எழுதும்போது அந்த அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்துகொள்கிறது என்று நாம் பலமுறை யோசித்து விடை காணவில்லை. மாமியார் வாயில் நுழையவில்லை என்பதும் தனியாக ஒரு காரணமாகாது. மாமியார்கள் காலப்போக்கில் எதையும் கற்றுக்கொள்வார்கள். ஆனால் கூப்பிடும்போதெல்லாம் தாயின் மனத்தில் ஒரு முள் குத்துமானால், அல்லது அந்தப் பெயர் குழந்தையைப் பிறர் நகைப்புக்கு ஆளாக்குமானால், ஊர் சிரிக்குமே என்று தயங்க வேண்டாம். ஊர் ஒரு வாரம் சிரிக்கும். குழந்தையோ எழுபது வருஷம் அந்தப் பெயரைச் சுமக்கும். தன் பெயரைக் கேட்டுக் குழந்தை முகத்தைத் திருப்பத் தொடங்குவதற்குள் மாற்றிவிடுவது உத்தமம்.

பெற்றோர் தயங்கினால் பிள்ளையே தீர்த்துக்கொள்ளும் சமயமும் வரும். நியூஸீலந்தில் ஒரு பெண் குழந்தைக்கு, "ஹவாயிலிருந்து வந்த டலூலா ஹூலா நடனம் ஆடுகிறாள்" என்று பொருள்படும் ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் தன் சிநேகிதிகளிடம் அதைச் சொல்ல வெட்கி, ஒற்றை எழுத்தைப் பெயராகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். 2008-இல், அவளுடைய ஒன்பதாவது வயதில், குடும்ப வழக்கு ஒன்றில் இதைக் கண்ட நீதிபதி, வேறு பெயர் வைக்கும் வரையில் அவளைக் கோர்ட்டின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார்.

அது வேடிக்கைப் பெயர். வேடிக்கையே இல்லாத பெயர்கள் நம்மிடையே உண்டு. திருவொற்றியூரைத் தாண்டி மேற்கே திருத்தணிப் பக்கம் போனால், மூன்றாவதாகவும் நான்காவதாகவும் பெண்ணே பிறந்த வீடுகளில் அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று பெயரிடும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. வேறு ஜில்லாக்களில் போதும்பொண்ணு. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. இந்தப் பெயர்களைக் குப்புசாமியோடு சேர்க்க முடியாது. குப்புசாமி என்று வைத்த தாய், பிள்ளை தன்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே என்று வைத்தாள். இந்தப் பெயரோ, வந்தவளை ஏன் வந்தாய் என்று தினந்தோறும் கேட்கிறது. வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது வாத்தியார் கேட்கிறார். ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிறவர் கேட்கிறார்.

மகாராஷ்டிரத்தில் இதே பொருளில் நகுஸா என்று பெயர். சாதாரா ஜில்லாவில் அப்படிப் பெயர் கொண்ட பெண்களை ஜில்லா அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். 2011 அக்டோபரில் ஒரு விழா நடத்தி 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். தலைவாரிப் பின்னி, ரிப்பன் கட்டி, இருப்பதில் நல்ல உடை உடுத்தி வரிசையில் நின்ற சிறுமிகளின் கையில் ஒரு சிறு பூங்கொத்தும், புதுப் பெயர் எழுதிய சான்றிதழும் கொடுத்தார்கள். பெயர்களை அவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிலர் தேவிகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் சினிமா நட்சத்திரங்களின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.